கும்பிடுகிற கை நம்முடையது

மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலையில் வாசுதேவநல்லூரைத் தாண்டினால் புளியங்குடி. மேற்கே மலை, மலையடிவாரத்தில் எலுமிச்சைத் தோப்புகள். 'எலுமிச்சை நகரம்' என்று பெயர் வாங்கிய ஊர் இது. 2025இல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோடையில் விலை ஏறும், மழைக்காலத்தில் இறங்கும். பருமன், நிறம், தோலின் மினுக்கம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். இன்றைக்கு ஏன் இந்த விலை என்று கேட்டால் சந்தையில் யாரும் காரணம் சொல்லிவிடுவார்கள். வரத்து கூடிவிட்டது என்பார்கள், கேரளத்தில் கேட்பு குறைந்துவிட்டது என்பார்கள், ஆந்திரக் காய் வந்து இறங்கிவிட்டது என்பார்கள்.

அதே காய் ஊரைவிட்டுப் போனபின் வேறு கணக்குக்குள் நுழைகிறது. அம்மன் கழுத்தில் மாலையாகிறது. வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் பாதியாக நறுக்கிப் பிழிந்து, தோலைப் புரட்டி, நெய் ஊற்றித் துர்க்கைக்கு விளக்காகிறது. புது வண்டியின் சக்கரத்துக்கடியில் நசுங்குகிறது. 2019 அக்டோபரில் பிரான்சில் முதல் ரஃபேல் போர் விமானத்தை இந்தியா பெற்றுக்கொண்டபோது அதன் சக்கரத்துக்கடியிலும் வைத்தார்கள். விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே ஒரு முருகன் கோயிலில், பங்குனி உத்திரத் திருவிழாவில் வேலில் செருகிய எலுமிச்சம்பழங்களை ஏலம் விடுகிறார்கள். பிள்ளை வரம் வேண்டி வந்தவர்கள் ஒரு பழத்தைப் பல ஆயிரம் ரூபாய்க்கு எடுத்துப் போகிறார்கள்.

பிள்ளைக்காக ஏங்கும் ஒரு தம்பதியின் மடியில் இருக்கும் பழத்தைப் பார்த்துச் சிரிக்கிறவருக்கு மனித மனத்தைப் பற்றி அதிகம் தெரியாது. ஆனாலும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அம்மனுக்கு மாலை கோக்கிற கையிலும் எலுமிச்சைதான் இருக்கிறது. "உங்க வீட்டுக்கு யாரோ செய்வினை வச்சிருக்காவ, முச்சந்தியில கழிக்கணும், இருபத்தஞ்சாயிரம் ஆகும்" என்கிறவர் கையிலும் எலுமிச்சைதான் இருக்கிறது. முதல் பழத்துக்கு விலை வைத்தது அன்பு. இரண்டாவதற்கு விலை வைத்தது பயம். சாமி கும்பிடுகிற ஒருவர், தன் அறிவையும் தன் வீட்டு மனிதர்களையும் பறிகொடுக்காமல் எப்படிக் கும்பிடுவது? இந்தக் கேள்வியை நவநாகரிகக் கேள்வி என்று நினைக்கிறோம். புளியங்குடியைச் சுற்றியுள்ள மண் பல நூறு ஆண்டுகளாகக் கேட்டுவருகிற கேள்வி இது.

சண்டை போட்ட நாகர்களும் தவசு நின்ற கோமதியும்

புளியங்குடியிலிருந்து கிழக்கே இருபது கிலோமீட்டருக்குள் சங்கரன்கோவில். கதை எல்லாருக்கும் தெரியும். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவன் சிவபக்தன், மற்றவன் திருமால் பக்தன். யார் சாமி பெரிது என்று அவர்களுக்குள் ஓயாத வழக்கு. அம்பாள் இரு உருவையும் ஒன்றாகக் காட்ட வேண்டும் என்று சிவனிடம் கேட்டுப் புன்னை வனத்தில் தவம் இருந்தாள். வலப்பக்கம் சங்கரனும் இடப்பக்கம் நாராயணனுமாக ஓருருவில் காட்சி கிடைத்தது. உக்கிர பாண்டியன் எடுப்பித்ததாகச் சொல்லப்படும் கோயிலில், சங்கரலிங்கர் சந்நிதிக்கும் கோமதி அம்மன் சந்நிதிக்கும் நடுவே சங்கரநாராயணர் இருக்கிறார். அங்கே திருநீறும் கொடுக்கிறார்கள், துளசித் தீர்த்தமும் கொடுக்கிறார்கள்.

ஆடித்தபசு நாளில் லட்சக்கணக்கில் கூடுகிறவர்கள் அந்தக் காட்சியைப் பார்க்கத்தான் வருகிறார்கள். கொடியேற்றியதிலிருந்து கோயிலை நூற்றெட்டுச் சுற்று சுற்றுகிறவர்கள் உண்டு. அதற்கு ஆடிச்சுற்று என்று பெயர். கரிசல் விவசாயிகள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் கம்பையும் அம்மனுக்குச் சூறை விடுவார்கள். புற்றுமண்ணைப் பிரசாதமாக நெற்றியில் இட்டு வீட்டுக்கும் எடுத்துப்போவார்கள்.

சைவ வைணவ ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டு என்று இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். அது சரிதான். ஆனால் இதில் கவனிக்கப்படாத இன்னொரு செய்தி இருக்கிறது. வழக்காடியவர்கள் ஆண்கள், அதுவும் அரசர்கள். இருவரும் தம் கட்சியை நிலைநாட்டுவதில் குறியாக இருந்தார்கள். விடை கண்டவள் ஒரு பெண். அவள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை, யாருடைய தீர்ப்பையும் கடன் வாங்கவில்லை. தன் கேள்வியை எடுத்துக்கொண்டு தனியாக வனத்துக்குப் போனாள், தானே நின்றாள், தானே கண்டாள். ஊரே கூடி ஆண்டுதோறும் கொண்டாடுவது, ஒரு பெண் தானாகத் தேடிப் போன தேடலை. நம் வீட்டுப் பெண்கள் சாமி விஷயத்தில் ஒரு கேள்வி கேட்டால் "பொம்பளப்பிள்ள இதெல்லாம் கேக்கக் கூடாதுல்லா" என்று வாயை அடைக்கிறவர்கள், ஆடித்தபசுக்குப் போகும்போது யாரைக் கும்பிடப் போகிறோம் என்று யோசிக்கட்டும்.

பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்திருக்கிற பெண்கள் இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. செவ்வாய், வெள்ளியில் கோயிலுக்குப் போய்வரும் அந்த ஒரு மணி நேரம்தான் அவர்களில் பலருக்குச் சொந்த நேரம். நிமிர்ந்து நடக்கிறார்கள், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்கள், மனசில் உள்ளதை அம்மனிடம் கொட்டுகிறார்கள். பக்தி எல்லாமே மூடத்தனம் என்று ஒரே வீச்சில் தள்ளுகிறவர்கள் இந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக எதைத் தரப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டுத் தள்ள வேண்டும்.

நெய்து பிழைத்த ஞானி, கண்ணாடி வைத்த கோயில்

தென்காசியில் பிறந்தவர் பீர்முகம்மது அப்பா. தமிழின் பெரிய சூஃபி ஞானிகளில் ஒருவர். பிற்காலத்தில் தக்கலையில் தங்கினார். அங்கேதான் அவர் தர்கா இருக்கிறது. அவர் பாடிய ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் ஓர் இரவு முழுக்க மக்கள் கூடியிருந்து பாடுகிறார்கள். தறியில் நெய்து பிழைத்தவர் அவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. எனக்கு அந்தச் செய்தி மிக முக்கியமாகப் படுகிறது. ஞானத்தைச் சொன்னவர், அதை விற்றுச் சாப்பிடவில்லை. சோற்றுக்குத் தறி இருந்தது. அதனால் கேட்க வருகிறவனிடம் அவருக்குத் தேவை எதுவும் இல்லை.

கடையம் அருகே பொட்டல்புதூர் முகைதீன் ஆண்டவர் தர்காவுக்குப் போனவர்கள் அதன் கல்தூண்களையும் மண்டபத்தையும் பார்த்துக் கோயிலுக்குள் வந்துவிட்டோமோ என்று தயங்கியிருப்பார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் நேர்ச்சை செலுத்தும் இடம் அது. யார் எந்த மதம் என்று வாசலில் கேட்பதில்லை.

தெற்கே இன்னும் போனால் சாமித்தோப்பு. 1809இல் பிறந்து 1851இல் மறைந்த அய்யா வைகுண்டர் அங்கே சிலை எதையும் நிறுத்தவில்லை, கண்ணாடி வைத்தார். கும்பிட வருகிறவன் தன்னைத்தான் பார்க்க வேண்டும். தலைப்பாகை கட்டுவது சில சாதிகளுக்கு மறுக்கப்பட்டிருந்த திருவிதாங்கூரில், தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்றார். அரசன் அவரைச் சிறையில் வைத்தான். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் இறைத்து ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்றது அவர் வழி. நெல்லைச் சீமையிலும் ஊர் ஊராக இருக்கும், அவர் வழியினரின் வழிபாட்டிடங்களான நிழல்தாங்கல்கள் அந்தக் கண்ணாடியின் தொடர்ச்சி.

கிறிஸ்தவத்துக்குள்ளும் இதே குணம் தலைகாட்டியிருக்கிறது. நாசரேத் பக்கம் உபதேசியாராக இருந்தவர் சட்டாம்பிள்ளை. வெள்ளைக்கார மிஷனரியோடு அவருக்குக் கடும் முரண்பாடு. போதாக்குறைக்கு, 1849இல் கால்டுவெல் வெளியிட்ட ஆங்கில நூல் ஒன்று நாடார் சமூகத்தை இழிவாக எழுதியிருந்தது. இவர் என்ன செய்தார்? ஏசுவை விடவில்லை, மிஷனை விட்டார். 1857இல் பிரகாசபுரத்தில் தம் மக்களோடு ஒரு தனிச் சபை கண்டார். இந்து என்ற பெயரையும் கிறிஸ்துவையும் அந்தச் சபை ஒன்றாகவே வைத்துக்கொண்டது. ஞாயிறுக்குப் பதில் சனிக்கிழமை ஓய்வுநாள் ஆசரித்தார்கள். வேதாகமத்தைத் தாமே படித்துத் தாமே பொருள் கொள்வோம், அதற்குச் சீமைத்துரையின் அனுமதி வேண்டாம் என்றார்கள். அவர்கள் எடுத்த முடிவுகள் எல்லாம் சரியா என்பது வேறு பேச்சு. சிப்பாய்க் கலகம் நடந்த அதே ஆண்டில், தாமிரபரணிக் கரையோரத்துத் தேரிக்காட்டில், கடவுளையும் கடவுளின் பெயரால் அதிகாரம் செய்கிறவர்களையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள் என்பதுதான் இங்கே பேச்சு.

இந்தப் பட்டியலில் ஓர் உறுத்தலான ஊரையும் சேர்க்க வேண்டும். தென்காசிக்கு மேற்கே, பண்பொழிப் பக்கம் உள்ள மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. நாடே பதறியது. தலைவர்கள் தில்லியிலிருந்து வந்தார்கள். வெளிநாட்டுப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். அந்த மக்கள் சொன்ன காரணம் எளிமையானது: எங்களை மனிதராக நடத்தவில்லை. அதைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் குறைவு. மதம் மாறியதை ஏற்காதவர்கள் இன்றும் இருக்கலாம். அது அவர்கள் உரிமை. ஆனால் ஒருவன் தன் மனசாட்சிப்படி ஒரு வாசலைவிட்டு வெளியேறும்போது, அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்துத்தான் போயிருப்பான், அவனுக்கென்று சொந்த யோசனை இருக்காது என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டுவது அவமதிப்பு. நம் அரசியல் சட்டத்தின் 25ஆவது பிரிவு மதச் சுதந்திரத்தைப் பேசும்போது, மனசாட்சியின் சுதந்திரத்தை முதலில் வைத்துவிட்டுத்தான் பின்பற்றவும் பரப்பவும் உள்ள உரிமையைச் சொல்கிறது. அந்த வரிசை தற்செயலாக அமைந்தது என்று நான் நினைக்கவில்லை.

சாமி இறங்கிய பின்

பங்குனி உத்திரத்துக்கு நெல்லை, தென்காசி வட்டாரமே சாஸ்தா கோயில்களுக்குக் கிளம்பும். சென்னையில், மும்பையில் இருப்பவர்கள்கூட விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து பொங்கலிட்டுப் போவார்கள். அது தவிர, சுடலைமாடனுக்கும் இசக்கிக்கும் கொடை. வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நடுச்சாமப் பூசை. சாமியாடி கச்சை கட்டி ஆடிவரும்போது ஊர்ப் பெரியவரும் கைகட்டி நிற்பார். திருநீறு கேட்பார், குறி கேட்பார்.

கொடை முடிந்த மறுநாள் அதே சாமியாடி வயலில் நிற்பார், தோப்பில் காய் பறிப்பார், டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். முந்தின இரவு அவர் காலில் விழுந்தவரே காலையில் "ஏ மாமா, ஒரு டீ சொல்லும்" என்பார். அவர் சொன்ன குறி பலிக்கவில்லை என்றால் அடுத்த கொடையில் முகத்துக்கு நேரே கேட்கவும் செய்வார்கள். சாமியாகவே வந்து நின்றாலும் கணக்குக் கேட்கும் ஊர் இது. தெய்வம் அவர்மேல் வருகிறது, பிறகு இறங்கிவிடுகிறது. அவரும் இறங்கிவிடுகிறார்.

நம் நாட்டார் வழிபாட்டில் உள்ள மிகப் பெரிய பாதுகாப்பு இதுதான் என்பது என் எண்ணம். அதிகாரத்துக்கு ஒரு நேரம், ஓர் எல்லை, ஊரின் கண். இன்றைய ஆசிரம குருமார்களிலும், செல்போனில் அருள்வாக்குச் சொல்கிறவர்களிலும் பலருக்கு இந்த இறங்குதல் இல்லை. அவர்கள் எப்போதும் சாமியாகவே இருக்கிறார்கள். குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் நிலம் வாங்கும்போதும் சாமி. அப்படிப்பட்டவரிடம் யார் கணக்குக் கேட்பது?

இதைச் சொல்லும்போது கொடைகளைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டியதில்லை. ஊர்க் கொடையிலேயே வரி வாங்க மறுத்து ஒதுக்கப்பட்ட குடும்பங்கள் உண்டு, தேர் வராத தெருக்கள் உண்டு. ஆனால் அதே மரபு தனக்குள்ளேயே ஒரு மறுப்பையும் வைத்திருக்கிறது. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயருக்கு நேர்ச்சையாகச் செருப்புக் கட்டுகிறார்கள். பட்டவராயராக வணங்கப்படும் முத்துப்பட்டன் என்ற பிராமண இளைஞன், பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் சாதிச் சகோதரிகளை மணந்து, தோல் வேலை செய்து, மாடு காக்கும் சண்டையில் உயிர்விட்ட கதை அது. நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்திருக்கிறார். ஆடி அமாவாசைக்குக் கூடுகிற ஆயிரக்கணக்கான மக்கள் கோயிலுக்குள் வணங்குவது, சாதியைத் துறந்தவனின் செருப்பை. சட்டத்தால் அல்ல, பக்தியால். சாதி பார்க்கச் சொல்வது சாமிதான் என்று யாராவது சொன்னால், எந்தச் சாமி என்று கேட்க நமக்கு ஆதாரம் இருக்கிறது.

சங்கிலியும் மாத்திரையும்

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவைச் சுற்றி முளைத்திருந்த தனியார் மனநலக் காப்பகங்களில் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்த மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் இல்லை. அம்மாக்கள், அண்ணன்கள், கணவன்மார். பேய் பிடித்திருக்கிறது, செய்வினை என்று யாரோ சொன்னதை நம்பினார்கள். கையில் இருந்த கடைசிக் காசையும் செலவழித்து, குணமாகும் என்று விட்டுவிட்டுப் போனார்கள். தர்காவோ, அங்கே தொழப்படும் மகானோ சங்கிலி கேட்கவில்லை. நம்பி வந்தவர்களின் பயத்தில் தொழில் நடத்தியவர்கள் கட்டிய சங்கிலி அது.

உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று தடை போட்டது.

ஏர்வாடியைச் சொல்லி மதத்தைப் பழிப்பவர்கள், தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் மனநோயாளிகள் குடும்பத்தார் ஒருவரோடு வந்து சில வாரங்கள் தங்குவது வழக்கம். மந்திரம், சடங்கு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. காலையில் பூசை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகள். பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த மருத்துவர்கள் அங்கே தங்கிய 31 பேரைக் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். நோய்க்குறிகளை அளக்கும் அளவுகோலில் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. பரிவான சூழலும், பக்கத்தில் சொந்த மனிதர் இருப்பதும், பயமுறுத்தாத இடமும் தந்த பலன் அது என்று அவர்கள் கருதினார்கள்.

இரண்டு இடங்களுமே வழிபாட்டுத் தலத்தை ஒட்டியவைதான். ஓரிடத்தில் சங்கிலி, வீட்டார் இல்லாத தனிமை, மாதக் கட்டணம். இன்னோரிடத்தில் கையில் ஒரு வாளித் தண்ணீர், பக்கத்தில் அம்மா. நம்பிக்கை மனிதனை என்ன செய்கிறது என்பது, அந்த நம்பிக்கையைச் சுற்றி யார் என்ன கட்டிவைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே இருக்கிறது.

மூன்றாவது வழியும் நம்மிடம் உண்டு. திருச்சிக்கு அருகே குணசீலம் பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் ஒரு மண்டலம் தங்கி வழிபடும் மனநோயாளிகளுக்கு, முறைப்படி உரிமம் பெற்ற மறுவாழ்வு மையமும் மனநல மருத்துவரும் உண்டு. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் மருந்தையும் துஆவையும் இணைத்து நடத்திய முறையைப் பின்பற்றி, ஏர்வாடியிலும் அரசு மனநல மருத்துவர்களைத் தர்கா வளாகத்துக்கே கொண்டுவந்தது. தொழுதுவிட்டு வருகிறவர் அப்படியே மருத்துவரையும் பார்க்கிறார். துஆ ஓதுகிறவரே "மாத்திரையை விட்டுராதீங்கம்மா" என்று சொல்லும்போது, டாக்டர் பத்து முறை சொல்வதைவிட அது காதில் ஏறுகிறது.

கேட்டால் கோபிக்கிறதா?

பயத்தை வைத்துப் பிழைக்கிறவர்களின் வழிமுறை எல்லா மதத்திலும் ஒன்றேதான். முதலில் உங்களுக்கே தெரியாத ஓர் ஆபத்தைச் சொல்வார்கள். பிறகு, அதை நீக்கத் தன்னால் மட்டும்தான் முடியும் என்பார்கள். வெளியே சொன்னால் பலிக்காது என்பார்கள். இந்த இடத்தில்தான் நாம் முழுதாக விழித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ரகசியம் கேட்பவர் நம்மை நம் வீட்டாரிடமிருந்து பிரிக்கத் தொடங்கிவிட்டார். அடுத்து, மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். சந்தேகப்படுகிற அண்ணனோ மருமகளோதான் தோஷத்துக்குக் காரணம் என்று கை காட்டுவார்கள். பணம் ஏறிக்கொண்டே போகும். பலிக்காவிட்டால் உங்கள் நம்பிக்கையில்தான் குறை. இந்தக் கடைசி வாதத்திலிருந்து தப்பவே வழியில்லை: பலித்தால் அவர் சக்தி, பலிக்காவிட்டால் நம் தவறு.

இதன் எல்லை எதுவரை போகும் என்பதற்கு நம் நீதிமன்ற ஏடுகளே சாட்சி. இலங்கையிலிருந்து வந்து விராலிமலை அருகே ஆசிரமம் நடத்திய பிரேமானந்தா 1994இல் கைதானார். ஆதரவற்ற சிறுமிகள் வளர்ந்த ஆசிரமம் அது. பாலியல் வன்கொடுமைகளுக்காகவும் ஒரு கொலைக்காகவும் 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வாயிலிருந்து லிங்கம் எடுத்ததைப் பார்த்துப் படித்தவர்களும் பதவியில் இருந்தவர்களும் கைகூப்பி நின்றிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் கேள்வி கேட்க முடியாத இடத்தில் இருந்தார்கள். கேட்டிருக்கக் கூடியவர்கள் கேட்கவில்லை.

மந்திரத்தால் நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டிலிருந்தே சட்டப்படி குற்றம். மகாராஷ்டிரம் 2013இலும் கர்நாடகம் 2017இலும் நரபலி, பில்லிசூனிய மோசடி போன்றவற்றுக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றின. தமிழ்நாட்டுக்கும் அப்படி ஒன்று தேவை என்பது என் கருத்து. பக்தர்களைத்தான் அது முதலில் காக்கும், ஏமாறுகிறவர்கள் அவர்கள்தானே.

ஆனால் சட்டம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளாது. வீட்டில் ஒரு பழக்கம் வேண்டும். கோயிலுக்குக் கூட்டிப்போகும் பிள்ளை "ஏன் இப்படிச் செய்யுதோம்?" என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்வோம், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வோம். "சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைதான் முப்பது வயதில் தோஷம் என்றதும் நகையை அடகு வைக்கிறது. வீட்டில் ஒருவருக்கு நம்பிக்கை இல்லாமல் போனால், அவரைப் பந்தியிலிருந்து எழுப்பாமல் இருப்போம். பொங்கலுக்கு அவருக்கும் இலை போடுவோம். குறி சொன்னவரிடம், பாஸ்டரிடம், ஹஜ்ரத்திடம், சாமியாரிடம் மனம் நோகாமல் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்போம். நல்லவர் பதில் சொல்வார் அல்லது எனக்குத் தெரியவில்லை என்பார். கோபித்துச் சாபம் விடுகிறவரிடம் மறுபடி போக வேண்டியதில்லை.

தென்காசி மாவட்டத்துக் கோயில், தர்கா, ஆலய நிர்வாகங்களிடம் வைக்க ஒரு கோரிக்கை இருக்கிறது. ஆடித்தபசு கூட்டத்துக்காக ஆம்புலன்ஸ் நிறுத்துகிறீர்கள், மருத்துவ முகாம் போடுகிறீர்கள். அந்த முகாமிலேயே மாவட்ட மனநலத் திட்டத்தின் மேசை ஒன்றைப் போட ஏற்பாடு செய்யுங்கள். பொட்டல்புதூர் கந்தூரியிலும், பெரிய தேவாலயங்களின் அசனப் பண்டிகையிலும் அதைச் செய்யலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். சந்நிதிக்குப் போகும் வழியில், உண்டியலுக்குப் பக்கத்தில், நன்கொடையாளர் பெயர்ப் பலகை அளவுக்கு அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வையுங்கள். பிள்ளைக்குப் பேய் பிடித்ததென்று நம்பி, பஸ் பிடித்து, பட்டினியோடு வந்து இறங்குகிற ஒரு தாய் முதலில் நம்பிப் படிக்கும் எழுத்து உங்கள் சுவரில் இருக்கும் எழுத்துதான்.